துத்தி மேட்டின் மஞ்சள் நரம்பு

மார்ச் 3, செவ்வாய்

தம்பி இன்று காலை ஒரு துத்திச் செடியை வேரோடு பிடுங்கிவந்து என் வாசலில் போட்டான். அரிவாளால் நாலு துண்டாக்கி, செருப்புக் காலால் தேய்த்துக் கூழாக்கினான்.

"இதுதான்க்கா உன் செல்லப்பிள்ளை. என் மிளகாயைத் தின்னுட்டு உன் மடியில வந்து படுத்துக்குது."

என் வீட்டுக்குப் பின்னால் மேடு. மேடு முழுக்கக் காட்டுத் துத்தி. இரண்டு மழைக்காலமாக அதன் இலைகளில் நரம்பு மட்டும் மஞ்சளாகி, பச்சைத் துணியில் மஞ்சள் நூலால் வலை பின்னியது போல இருக்கிறது. மேட்டுக்குக் கீழே தம்பியின் மிளகாய். அவனுக்கு அப்பால் மற்றவர்களுடையது. அங்கே இலைகள் சுருண்டு, படகு போல மடங்கி, செடி குட்டையாகி நிற்கிறது. இரண்டும் ஒரே நோய், மேட்டிலிருந்துதான் இறங்குகிறது, கொளுத்துங்கள் என்று பூச்சிமருந்துக் கடைக்காரன் ஓதிவிட்டிருக்கிறான். அவனுக்கென்ன, நாக்கில் நரம்பில்லாதவன்.

இரண்டும் வேறு. நான் சொல்கிறேன், வேறு. என் கண்ணை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. காய்ந்த இலைகளை நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருக்கிறாள். நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. "வைரஸ்தாம்மா. புதுசா, பழசான்னு அதோட மரபு வரிசை முழுசும் படிச்சாத்தான் தெரியும். பொறுங்க" என்றாள்.

பொறுக்கலாம். அரிவாள் பொறுக்குமா?

அப்பா அவனை விவசாயக் கல்லூரிக்கு அனுப்பினார். இரண்டே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தான். பெட்டியில் இருந்த புத்தகங்களைப் படித்தவள் நான். தையல் மிஷினில் கால், அகராதியில் கை. படிக்க அனுப்பியது அவனை. படித்தது நான். நிலம் அவனுக்கு, மேட்டடி வீடும் மிஷினும் எனக்கு. இந்தக் கணக்கு என் கட்டையோடுதான் வேகும்.

மார்ச் 5, வியாழன்

வழி ஒன்று இருக்கிறது. இந்த நோய்களைச் சுமப்பது வெள்ளை ஈ. மேட்டுத் துத்தியில் உட்கார்ந்து சாறு குடித்த ஈக்களைப் பிடித்து, வலைக்கூட்டுக்குள் மிளகாய் நாற்றின் மேல் விடவேண்டும். நாற்று நன்றாக இருந்தால் துத்தி நிரபராதி. அப்புறம் யார் அரிவாள் தூக்குகிறான், பார்ப்போம்.

நாற்றைத் தம்பியின் நாற்றங்காலிலிருந்தே வாங்கிவந்தேன். அவன் நாற்றிலேயே காட்டினால்தான் அவன் வாய் அடையும். தம்பி பெண்டாட்டி, "எதுக்கு அண்ணி?" என்றாள். "உன் புருஷன் வாயில வெச்சு அடைக்க" என்றேன். சிரித்துவிட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 6, வெள்ளி

கூடு தைத்தாயிற்று. வெள்ளை ஈ நுழையாத நெருக்கமான வலை; தையல் மேல் தையல். ஈக்களை உறிஞ்சுகுழலில் பிடித்து உள்ளே விட்டேன்.

போனில் பூதக்கண்ணாடி, "இன்னொரு கூடும் வைங்கம்மா. அதே நாத்து, பூச்சி மட்டும் விடாம" என்றாள். எனக்குத் தெரிந்ததை எனக்கே நிரூபிக்க இன்னொரு கூடு எதற்கு? சரி சரி என்று வைத்துவிட்டேன். போனைத்தான்.

மார்ச் 9, திங்கள்

மேட்டில் குடிசை போட்டிருக்கும் ஆட்டுக்காரி விடிந்ததும் ஓடி வந்தாள். சேலை முன்புறம் முழுக்க ரத்தம். அவளுடையது இல்லை. கிடாக்குட்டியின் கழுத்தை அறுத்து, அவள் குடிசைக் கதவிலேயே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"அடுத்தது நான்னு கீழ் வயல்காரங்க சொல்றாங்கம்மா. மேட்டைக் காலி பண்ணணுமாம். நான் எங்க போவேன்?"

"போகாதே. இன்னும் ரெண்டு வாரம். செடியில தப்பில்லேன்னு காட்டிடறேன்."

"செடியில தப்பில்லேன்னா என் ஆடு உசுரோட வருமா?" என்று கேட்டுவிட்டு, என் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். தொட்டி சிவந்துபோனது. தண்ணீரை மாற்றவில்லை. தம்பி இந்தப் பக்கம் வந்தால் பார்க்கட்டும்.

மார்ச் 14, சனி

கூட்டுக்குள் இலை சுருள்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

இல்லை, இருக்க முடியாது. நரம்பில் ஒரு மஞ்சள் இல்லை. படகு மடிப்பு. அப்படியே கீழ் வயல் நோய். அதுவும் புத்தகம் சொல்வதைவிட வெகு சீக்கிரம். ஈ உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் நோயா? என்னடா இது?

கூட்டின் மேல் போர்வையைப் போட்டு மூடினேன். மூடிய கை என்னுடையதுதான்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டி ரவிக்கைத் துணி கொடுக்க வந்தவள், நான் ஊசி எடுக்க உள்ளே போன நேரத்தில் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். "அய்யோ, அண்ணி, இதுலயும் சுருட்டுதே" என்றாள். கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு. ஆனால் அவள் வாய் அவள் பேச்சைக் கேட்காது.

மார்ச் 19, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு மாவுக்கட்டில்.

திங்கள்கிழமை மத்தியானம் வந்தார்கள். அரிவாள், கடப்பாரை, பெட்ரோல் கேன். முன்னால் தம்பி. முதலில் என் முற்றத்துக்கு. போர்வையை உருவி, கூட்டை அப்படியே தலைக்குமேல் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான்.

"பாத்துக்கோங்க! என் அக்காவே காட்டிட்டா. மேட்டு ஈ, நம்ம நாத்து. சுருட்டை!"

"டேய், வை அதை. இன்னும் முடியலை. அது சீக்கிரம் வந்திருக்கு, அதுல ஏதோ—"

"இன்னும் என்னக்கா முடியணும்? எங்க கதை முடியணுமா?"

மருந்துக் கடைக்காரன் கைதட்டினான். "விஞ்ஞானி அம்மாவுக்கு ஒரு மாலை போடுங்கப்பா!" சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

துணி வெட்டும் பெரிய கத்தரி கையில் இருந்தது. பாய்ந்தேன். தம்பியின் முழங்கைக்குக் கீழே கத்தரி இறங்கியது. துணியில் இறங்குகிற மாதிரியேதான் இறங்கியது. அவன் கத்தவில்லை. என் கையைப் பிடித்துத் தூணின் மேல் அடித்தான். ஒருமுறை. கத்தரி விழவில்லை. இன்னொருமுறை. சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. என் கைதான் என்று பிறகுதான் தெரிந்தது.

சின்ன வயதில் இதே தூணில் அவன் உயரத்தைக் கத்தரி முனையால் கீறி வைப்பேன்.

கூட்டம் மேட்டுக்குப் போனது. துத்தி பச்சையாக இருந்தும் பற்றிக்கொண்டது. அடியில் காய்ந்த புல். காற்று மேல்நோக்கி அடித்தது. மேலே குடிசை இருக்கிறது என்று ஒருவனாவது கத்தியிருக்கலாம். நான் கத்தினேன். ஆட்டுக்காரி பட்டிக் கதவைத் திறக்க ஓடினாள். கதவுக்குக் கம்பிக் கட்டு. கிடாவைக் கொன்ற பிறகு பயந்து அவளே கட்டியது. நெருப்பில் சிவந்த கம்பியை வெறுங்கையால் முறுக்கி முறுக்கி — பாதி ஆடுகள் வெளியே வந்தன. ரோமம் எரிய எரிய ஓடிவந்த ஒன்றைக் கீழே நின்றவன் ஒருவன் கடப்பாரையால் அடித்துச் சாய்த்தான். "வேதனைப்படக் கூடாதுல்ல" என்றானாம். என்ன இரக்கம்!

அடிபட்ட கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, நசுங்கிக் கிடந்த கூட்டிலிருந்து சுருண்ட இலைகளைப் பொறுக்கினேன். உறையில் போட்டு, பூதக்கண்ணாடிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மார்ச் 21, சனி

போலீஸ் கேட்டது, தீ வைத்தது யார் என்று. தம்பி பெயரைச் சொன்னேன். "கூடப் பொறந்தவன்தானேம்மா?" என்றார் ஏட்டு. "அதனாலதான் எழுத்துப்பிழை இல்லாம சொல்றேன், எழுதிக்குங்க" என்றேன். கத்தரியையும் சொன்னேன்.

மார்ச் 28, சனி

ஆட்டுக்காரியைப் பார்க்கப் போனேன். இரண்டு கையும் துணிப்பொட்டலம். விரல்கள் மடங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

"நீங்க வராதீங்கம்மா" என்றாள். சத்தம் போடவில்லை. "அவங்க நெருப்பு வெச்சாங்க. ஆனா எதைக் காட்டி வெச்சாங்க? உங்க கூட்டைக் காட்டித்தானே?"

எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மேட்டில் இலை இல்லை. அங்கிருந்த ஈக்கள் எங்கே போகும்? புகைக்குத் தப்பியதெல்லாம் கீழே இறங்கிவிட்டது. மிளகாய்ச் செடியை ஆட்டினால் சாம்பல் பறப்பது போல எழும்புகிறது. சுருண்ட செடியில் குடித்துவிட்டு நல்ல செடிக்குத் தாவுகிறது. ஓரமாக இருந்த நோய் இப்போது ஒரு வரப்பைக் கூட விட்டுவைக்கவில்லை.

சந்தோஷப்பட்டேன். எழுதி வைக்கிறேன், சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் வரைக்கும்.

ஏப்ரல் 20, திங்கள்

பூதக்கண்ணாடி பேசினாள். மேட்டுத் துத்தியில் இருப்பது புது வைரஸ். வட்டமாகச் சுற்றியிருக்கும் அதன் மரபு வரிசை முழுவதையும் படித்துவிட்டாள். தெரிந்த எதனோடும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்குக் குறைவாக ஒத்திருந்தால் தனி இனம் என்று விதி. இது எண்பத்துநாலைத் தாண்டவில்லை. குடும்பம் அதேதான், வீடு வேறு.

"கூட்டு நாற்று?"

"அதுல உங்க துத்தி வைரஸ் துளிகூட இல்லம்மா. எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய மிளகாய்ச் சுருட்டை மட்டும்தான். நாத்துலயே முன்னாடியே இருந்திருக்கு. வெளிய தெரியல, அவ்வளவுதான்."

அதனால்தான் அத்தனை சீக்கிரம். தம்பியின் திறந்த நாற்றங்காலிலேயே ஈ உட்கார்ந்து, நோயோடுதான் நாற்று என் கைக்கு வந்திருக்கிறது. அவன் நோயை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து, வலை கட்டி, வளர்த்து, அவனுக்கே காட்டியிருக்கிறேன்.

"அந்த இன்னொரு கூடு வெச்சீங்களாம்மா?" என்றாள்.

"கேக்கலை, லைன் சரியில்லை" என்று வைத்துவிட்டேன்.

தப்பு என்று எழுதமாட்டேன். வேலை பாக்கி என்று எழுதுகிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தம்பி வீட்டுக்குப் போனேன். ஜாமீனில் வந்திருக்கிறான். கொல்லையில் நாற்றங்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தான், புண் ஆறாமல் மறுபடி தையல் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

"உன் நோய் உன் நாத்துலேயே இருந்தது. மேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஒரு பொம்பளை கையைக் கருக்கினது சும்மா. கேக்குதா? சும்மா!"

எழுந்தான். அடிக்கத்தான் எழுகிறான் என்று மாவுக்கட்டுக் கையை நானே முன்னால் நீட்டினேன். அவன் மண்வெட்டியை எடுத்து நாற்றுத் தட்டுகளின் மேல் இறக்கினான். ஒன்றை, அடுத்ததை, அதற்கடுத்ததை. மண்ணும் பிளாஸ்டிக்கும் என் முகத்தில் தெறித்தன. கையில் தையல் பிரிந்து ரத்தம் பிடியில் வழிந்தது. தம்பி பெண்டாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசித் தட்டும் நசுங்கிய பிறகு மூச்சிரைக்க நின்றான்.

"பூச்சி விடாத கூடு எங்கக்கா?"

"என்ன?"

"இன்னொரு கூடு. அதே நாத்து, ஈ இல்லாம. முதல் வருஷப் பாடம். ஓடிவந்தவனுக்கே தெரியும். நீ ஏன் வைக்கலை?"

கன்னத்தில் அறைந்திருக்கலாம் அவன். அது வலித்திருக்காது.

"தெரிஞ்சவன் அன்னைக்கே ஏன்டா கேக்கலை?"

மண்வெட்டியைக் கீழே போட்டான். "அன்னைக்கு எனக்கு யாரையாவது எரிக்கணும்னு இருந்துச்சு."

அவன் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. கட்டுப்போட நான் போகவில்லை. போகக் கூடாது என்று நின்றேன்.

மே 9, சனி

மேட்டைக் கொளுத்தச் சொல்லி வயலைக் கெடுத்தான் என்று மருந்துக் கடையை நொறுக்கிவிட்டார்களாம். அன்று அவனோடு சேர்ந்து சிரித்தவர்களேதான். கடைக்காரனுக்குப் பல் போய்விட்டது. ஒரு மாலை போட்டிருக்கலாம்.

மே 18, திங்கள்

புது இனத்துக்குப் பெயர் வேண்டுமாம். குழு ஒன்று இருக்கிறது. அது ஒத்துக்கொள்ள வேண்டும். பூதக்கண்ணாடி, "உங்க பேர்ல வைக்கலாமாம்மா?" என்றாள். நாற்பது வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட கேள்வி.

"எரிஞ்சதுக்கு லத்தீன்ல என்ன?" என்றேன்.

தேடிப் பார்க்கிறேன் என்றாள். பிறகு மெல்ல, உயிரோடு ஒரு செடி வேண்டும் என்றாள்; அவளிடம் இருப்பது காய்ந்த இலை மட்டும். நோய் கண்ட செடி ஒன்றாவது உயிரோடு இருந்தால் மேற்கொண்டு வேலை நடக்கும்.

இந்தத் தடவை போனை வைக்கவில்லை. "அந்த இன்னொரு கூட்டை நான் வைக்கலை" என்றேன்.

"தெரியும்மா" என்றாள்.

ஜூன் 14, ஞாயிறு

மழைக்குப் பிறகு, தைத்த புதுக் கூடு ஒன்றோடு மேடு ஏறினேன். கருகிய அடிக்கட்டைகளுக்கு நடுவில், பட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு துத்தி வேரிலிருந்து துளிர்த்திருக்கிறது. நாலே இலை. நாலிலும் மஞ்சள் நரம்பு. நெருப்புக்குத் தப்பி வேருக்குள்ளேயே இருந்திருக்கிறது, சனியன்.

ஆட்டுக்காரி அங்கே உட்கார்ந்திருந்தாள். மடங்காத விரல்களை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, இடத்தைப் பார்க்க வந்தாளாம். நான் அந்தத் துளிர்மேல் கூட்டைக் கவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லா அமுக்கி வைங்க. ஆடு வந்தா மேயும்" என்றாள். ஆடு வரும் என்று சொன்னாள்; அது போதும்.

ஜூலை 2, வியாழன்

தம்பி பெண்டாட்டி ஒரு மூட்டை வலைத்துணியைக் கொண்டுவந்து வைத்தாள். புது நாற்றங்காலுக்குக் கூடாரம் தைக்கவேண்டுமாம். யார் அனுப்பியது என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அளவுக்கு ஒரு கயிறு. நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு கையால் போட்ட முடிச்சு, தளர்ந்திருந்தது.

வழக்கு அடுத்த மாதம். சாட்சிக்குப் போவேன். அதில் மாற்றமில்லை.

மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. மெதுவாகத் தைக்கிறேன், தையல் மேல் தையல். வெட்டும்போது கயிற்றைவிட ஒரு முழம் கூடுதலாக விட்டு வெட்டினேன். அவனுக்கு என்றைக்கு அளவெடுக்கத் தெரிந்தது?