இரண்டு துண்டு கசகசா ரொட்டி

ஒஹாயோ,
ஜனவரி 19

அன்பு மகள் ஹாலினாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று ஷெரில் சித்தி போனில் சொன்னாள். அதுவே போதும் என்று இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அங்கே ஓரிகனில் மழை விடாமல் பெய்கிறதாமே. உன் பூட்ஸ் இங்கேயே கிடக்கிறது, அடுத்த வாரம் அனுப்பி வைக்கிறேன்.

இங்கே முழங்கால் அளவு பனி. போதையை விட்டு வரும் பிள்ளைகளுக்கென்று நடக்கும் உங்கள் பள்ளிக்குச் சம்பளமில்லாமல் வேன் ஓட்டும் வெர்னன் இன்றைக்கும் நம் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். ஹாலினா ஊரில் இல்லை என்று போய்ச் சொன்னேன். "தெரியும்மா, காலு தானா பிரேக்குல போயிடுது" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போதை மாத்திரை போடவில்லை. அன்று நீ சொன்னது அத்தனையும் உண்மை.

பள்ளியில் அந்த வாரம் எடுத்த போதைப் பரிசோதனையில் உன்னோடு சேர்த்து நாலு பேருக்கு அபின் காட்டியிருக்கிறது. அதில் எம்மெட்டும் ஒருவன். அவனைக் கெடுத்தது பீர்தான், மாத்திரையை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தலைமை ஆசிரியை டெலோரஸுக்குச் சந்தேகம் வந்து, முந்தின நாள் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லோரையும் விசாரித்திருக்கிறார். பள்ளியில் புதன்கிழமை மதியச் சாப்பாடு நம் சர்ச் பெண்கள் பொறுப்பு. அன்று என் முறை. கிறிஸ்துமஸ் வருகிறதே என்று கசகசா ரொட்டி சுட்டேன். மற்ற பெண்கள் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று உள்ளே கசகசாவை அள்ளி அள்ளி அடைத்தேன். அது அபினிச் செடியின் விதை என்று இந்த வயதில் எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

எம்மெட் சொன்னான்: "ஹாலி ரெண்டு துண்டு தின்னா ஆன்ட்டி. 'எங்கம்மா சுட்டது, தள்ளுடா'ன்னு என்னோடதயும் புடுங்கிட்டா."

"பெரிய லேப்ல இருந்து முடிவு வரட்டும், அதுவரைக்கும் அவளை ஒண்ணும் கேட்டுடாதீங்க" என்று டெலோரஸ் அன்றே படித்துப் படித்துச் சொன்னார். நான் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. மாத்திரை தொடாத நாள் என்று இருநூற்றுப் பதினோரு நாள் நீ சிவப்பு மையால் குறித்து வந்த காலண்டரை உன் கண்ணெதிரே கிழித்தேன். "இத்தன நாளா என்னைக் கேனச்சின்னு நெனச்சியாடி" என்று கத்தினேன். "நான் தொடலம்மா" என்று இரண்டு தடவை சொன்னாய். மூன்றாவது தடவை நீ சொல்லவில்லை.

நான் விரட்டியதும் சித்தி வீட்டுக்குப் போகிற வழியில், பஸ்ஸில் நிஜமாகவே மாத்திரை போட்டுவிட்டாயாமே. ஷெரில் அழுதுகொண்டே சொன்னாள். உன்மேல் எனக்குக் கோபமில்லை. பொய்யாக வந்த முடிவை மெய்யாக்கியது நான்தான்.

செவ்வாய்க்கிழமை கல்விக் குழுக் கூட்டம் நடந்தது. நாலு பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள், இனி இந்தப் பள்ளி எதற்கு என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. சர்ச் பெண்கள், வெர்னன், அவருடைய பழைய பஸ் டிரைவர் நண்பர்கள் என்று நம் ஆட்களும் மண்டபம் நிறைய வந்திருந்தார்கள். நான் எழுந்து, ரொட்டி சுட்டதையும் உன்னை விரட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஒரே ஒரு ஓட்டில் பள்ளி தப்பியது. எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

உன் இடம் அப்படியேதான் இருக்கிறது. "அவ எப்ப வந்தாலும் சேத்துப்போம். மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும், அவ்வளவுதானே" என்றார் டெலோரஸ்.

வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று உனக்கு எத்தனையாவது நாள் என்று மட்டும் ஒரு வரி எழுதம்மா. பத்தோ, ஒன்றோ, ஒன்றுமே இல்லையோ, எதுவானாலும் எழுது. நீ எழுதுகிற எண்ணை நான் நம்புவேன்.

கடவுள் உன்னை விட்டு விலகாதிருக்கட்டும்.

உன் அம்மா,
ரெனாட்டா