செருப்பைத் திருப்பி வைப்பவன்

மச்சான்,

போன ஞாயிறு வெள்ளானூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கழற்றிய செருப்பை வழக்கம்போல் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். மருமகள் பார்த்துவிட்டாள். "இன்னா மாமா, வந்தவுடனே ஓடுறதுக்கா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் நாவலின் நாற்பத்திரண்டாம் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் கடைசியில் வந்த நாவல். அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரியில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டே நாலு வருடம் எழுதினாய். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நின்றபோது முதல் பிரதியை என் கையில் திணித்து, "படிச்சிட்டு உண்மையச் சொல்லு மச்சான்" என்றாய்.

கதை வெள்ளைக்காரன் காலத்துப் பூந்தமல்லியில் நடந்தது. மூன்று கொலை, கொன்றவனைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. சிறை டாக்டர் ஒருவர், பிணங்கள் கிடந்த விதத்தை வைத்தே அவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிக்கொண்டு போவார். மெதுவாகப் பேசுவான். சிரித்தால் வாயைக் கையால் மூடுவான். யாரையும் முழுசாக நம்பமாட்டான். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான்.

அந்த வாரம் ஒரு நாள் வண்டியில் தனியாக அந்தப் பக்கத்தைப் படித்தேன், அத்தனையும் என் பழக்கம். அம்பத்தூர் வந்தும் நான் இறங்கவில்லை. வில்லிவாக்கம் வரை போய்த் திரும்பி வந்தேன். இத்தனை வருடம் டீக்கடையில் எதிரே உட்கார்ந்து என்னை வேவு பார்த்திருக்கிறாயே என்று ஆத்திரமாக வந்தது.

மறுநாள் "எப்டி கீது?" என்று கேட்டாய்.

"நல்லா கீது" என்றேன்.

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் கேக்கலியா?" என்று என் முகத்தையே பார்த்தாய். அந்தப் பார்வை போதும் எனக்கு. கொலைகாரன் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கேட்டுத் தொலைத்திருக்கலாம். நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். பழையபடி டீ குடித்தோம். ஆனால் உன்னிடம் மனசு விட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டேன். என் மனைவிக்கு ஆபரேஷன் என்றபோதுகூடச் சொல்லவில்லை. யாரோ சொல்லி, பிளாஸ்கில் கஞ்சியோடு ஆஸ்பத்திரியில் வந்து நின்றாய். நான் கஞ்சியைப் பார்க்கவில்லை. உன் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று பார்த்தேன்.

பத்து வருடம் இப்படியே ஓடிற்று. பிறகு ஒரு நாள் மாரடைப்பில் நீ போய்விட்டாய். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, புக்கு வந்தப்போ ஃபோர்மேன்லேர்ந்து எங்க அண்ணன் வரிக்கும் ஊட்டாண்ட வந்து சண்ட போட்டாங்க, கொலகாரன என்னப் பாத்துதானே எழுதிகீறேன்னு. உங்களப் பத்தி, 'மச்சான் ஒருத்தன்தான் கேக்கல, அவன்தான் என்ன நம்புனான்'னு சாவுற வரிக்கும் சொல்லிகினு இருந்தாரு."

அப்படியானால் யாரைப் பார்த்துத்தான் எழுதினான் என்று கேட்க அப்போதும் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னேன். இன்றும் கோயிலில் பார்த்தால், "அவரு நம்புன மனுஷன்" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் என்னைக் காட்டுகிறாள். நானும் தலையாட்டுகிறேன். நீ கொடுத்த நல்ல பெயரை இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்துகொண்டு திரிகிறேன். உன் டாக்டர் பிணத்தைப் பார்த்தே ஆளைச் சரியாகச் சொன்னார். உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்த என்னை நீ கடைசிவரை தப்பாகவே கணித்துவிட்டாய், மச்சான்.