மத்தியானத்தில் மட்டும் அணையும் பொத்தான்

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். குடை கடையில், நான் பஸ்ஸில். மந்தைவெளியில் இறங்கி வீடு சேர்வதற்குள் தொப்பல். இந்த மாதம் காலை ஷிப்ட், மாலை ஆறரைக்கெல்லாம் வீடு. அந்த மட்டில் சுகம்.

கயல் திருச்சியிலிருந்து பேசினாள். காலேஜ் கபடி டீம் அரையிறுதிக்குப் போய்விட்டதாம். ஞாயிறு மாலை நாலு மணி. நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள், லிங்க் அனுப்பியிருக்கிறாள். நேரில் வரட்டுமா என்று கேட்டேன். “வேணாம்பா. வீட்லயே பாரு, ப்ளீஸ்.” பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூட டீமில் அவள் ஆடியபோது, அடையாறு மைதானத்தில் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நடுவருக்கு விதி விளக்கியவன் நான். பத்தாவதையே மூன்று தடவை எழுதியவன். பாயின்ட் போனது, என்னால்.

லிங்கைத் திறந்து போன ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு படம். அதில் கயல் ஒரு அரிசி. போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் படமும் திரும்பிப் பெரிதாக வேண்டும். ஆகவில்லை. அந்தப் பக்கத்தில் பெரிதாக்கும் பொத்தானும் இல்லை. போனைத் திருப்பினேன், தட்டினேன், கடைசியில் என் தலையைத் திருப்பினேன். கழுத்துச் சுளுக்கு.

வீட்டுக்காரி சரசுவிடம் மூச்சு விடவில்லை. யாரோ வைத்திருந்த பழைய போன் வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல வாங்கியது.

நவம்பர் 5, புதன்

வெயில். குடை கொண்டுவர மறந்தேன், மழை இல்லாததால்.

முகூர்த்த மாதம், தி.நகர் புடவைக் கடையில் ஞாயிறு லீவு கேட்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். கேட்டேன். இரண்டு வார ஓய்வு நாளை விட்டுக்கொடுத்தால் தருகிறேன் என்றார் சூப்பர்வைசர். கொடுத்தேன்.

பட்டு செக்‌ஷன் பாஷா பாயிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். திரையை மேலிருந்து கீழே இழுத்தால், தானாகச் சுழலும் என்று ஒரு பொத்தான் வரும், அதைப் போடு என்றார். போன் கையில் இல்லை. கடையில் சேல்ஸ்மேன் போன் வைத்திருக்கக் கூடாது, காலையிலேயே பெட்டியில் போட வேண்டும். அதற்குப் பதில் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுப் போகிறேன். சரசுவுக்குப் பத்து நாளாக இடுப்புப் பிடிப்பு. உட்காரவே கூடாது என்கிறார் டாக்டர். பகலெல்லாம் பாயில் படுக்கை, துணைக்கு என் போன்.

வீட்டுக்கு வந்து பொத்தானைப் போட்டேன். சுற்றியது. கயல், அரிசியிலிருந்து மொச்சைக்கொட்டை. ஏதோ நானே போனைக் கண்டுபிடித்த மாதிரி இரண்டு டம்ளர் காபி.

நவம்பர் 6, வியாழன்

கொட்டைப் பாக்கு நிறப் புடவை கேட்டு ஒரு அம்மா. நாற்பத்தாறு புடவை பிரித்தேன். கடைசியில் பச்சை வாங்கினார்.

மாலை போனை எடுத்தால் மறுபடி சுற்றவில்லை. பொத்தான் அணைந்து கிடக்கிறது. நேற்று நான்தானே போட்டேன்? போட்டேன். ஆஃப் செய்து ஆன் செய்தேன். உறையைக் கழற்றினேன். மறுபடி போட்டேன், சுற்றியது. ஆனால் தானாகவே அணைகிற பொத்தானை எப்படி நம்புவது.

நவம்பர் 7, வெள்ளி

சரசுவிடம் ஏதோ சாக்குச் சொல்லிப் போனைக் கையோடு எடுத்துப் போனேன். பகல் முழுக்கக் கடைப் பெட்டியில். திரும்ப வாங்கும்போது பொத்தான் ஆனில். அணையவே இல்லை.

வரும் வழியில் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் குலுக்கினார், கவிழ்த்தார், அரை மணி நேரம் மேஜையில் வைத்திருந்தார். “நைனா, செட்டு நல்லாத்தான் கீது. எப்போ ஆஃப் ஆவுது?” மத்தியானத்தில், அதுவும் வீட்டில் இருந்தால் மட்டும், என்றேன். அவர் போனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

பாஷா பாய் சொன்னது: உன் வீட்டில் நீயே அடங்கித்தானே கிடக்கிறாய், போன் அடங்காதா.

வீட்டில் போன் இருக்கும் மூலை சரியில்லையோ என்று ஒரு சந்தேகம். சாமி அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். குங்குமமும் வைத்தேன். கேமராவில் கொஞ்சம் பட்டுவிட்டது, இப்போது எல்லாருமே சிவப்பு.

போன் இல்லாமல் பொழுதே போகவில்லை என்று சரசு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

நவம்பர் 8, சனி

வாங்க வேண்டியவை: இடுப்புக்குத் தைலம், தக்காளி அரை கிலோ, குடை (கடையில் என் குடையை யாரோ கொண்டு போய்விட்டார்கள்).

மாலை. முருகன் முன்னாலிருந்த போன் பாய் மேல். பொத்தான் அணைந்து. பொறுமை போயிற்று. சரசுவிடம் கொட்டிவிட்டேன்: போன் பாழ், லீவு வீண், நீ சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நான் சொல்வது இரண்டாவது தடவை.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “எந்தப் பட்டன்யா?” காட்டினேன்.

“அதுவா. அத நான்தான் டெய்லி அமுத்துறேன்.”

ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தால் படமும் கூடவே திரும்பிக்கொள்கிறதாம். போன வாரம் கை தவறிக் கீழே போட்டதில் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். சொன்னால் நான் கத்துவேன் என்று பயம். எதிர்வீட்டு மும்தாஜ் இந்தப் பொத்தானைக் காட்டியிருக்கிறாள்.

“நான் தெனம் சரி பண்றேன், மறுநாள் பாத்தா திரும்பக் கெட்டுக் கெடக்குது. யாரு கெடுக்கிறான்னே தெர்ல.”

நான்தான் என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், “சிரிக்க வெக்காதய்யா, இடுப்பு” என்று பாயைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

லேசான மழை. மூன்றரைக்கே தயார். பொத்தானைப் போட்டு, போனைப் படுக்கைவாட்டில் அரிசி டப்பாவில் சாய்த்தேன். பெரிய படம். எனக்கு. பாயில் ஒருக்களித்துக் கிடக்கிறவளுக்கு எல்லாரும் சுவரில் ஓடுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தாள், ஐந்து நிமிடத்தில் கண்ணில் தண்ணீர். அவளுக்குத் தோதாகப் போனை நிமிர்த்தினால் படம் திரும்பி மறுபடி தீப்பெட்டி. நீ பார், எனக்கு வாயால் சொல்லு என்றாள். அது முடியாது என்றேன். மணி மூன்று ஐம்பத்தைந்து.

“பெருசா இருக்கறப்பவே என் பட்டன அமுத்திடேன்” என்றாள்.

பொத்தானைப் போடும் என் வேலை முதலில், அணைக்கும் அவள் வேலை பிறகு. படம் பெரிதாக அப்படியே உறைந்துவிட்டது, இனி எப்படித் திருப்பினாலும் அசையாது. அவள் முகத்துக்கு நேராக நிமிர்த்தி வைத்தேன். இப்போது எனக்குத்தான் சாய்ந்து தெரிகிறது. நானும் பாயில், அதே தலையணையில்.

கயல் நாலு பேரைப் பிடித்தாள். ஒரு பிடி கணுக்கால், அற்புதம். அதை நடுவர் கோட்டுக்கு வெளியே என்றார். எழுந்தேன் கத்த. எழுந்ததும் படம் என் கண்ணுக்குப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது, அடுத்த ரெய்டு ஒன்றும் புரியவில்லை. பேசாமல் மறுபடி படுத்தேன். இப்படி ஆறு தடவை.

இரண்டு பாயின்டில் தோல்வி.

கயல் பேசினாள். “பாத்தியாப்பா?” பார்த்தேன், உன் முழங்கால் பிளாஸ்திரி வரைக்கும் என்றேன். “கத்துனியா?” சரசு போனைப் பிடுங்கி, உங்கப்பா வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்தாள்.

போன் மறுபடி என்னிடம். “அடுத்த வருஷம் நேர்லயே வாப்பா. ஆனா கோட்டுக்கு வெளிலதான் உக்காரணும்.”

உட்காரவே மாட்டேன், படுத்துக்கொள்கிறேன் என்றேன்.