ஒரே ஒரு தடவை கேட்ட வீடு

சாந்தா கண்ணு,

நீ இருந்தவரை உன்னை நான் 'கண்ணு' என்று கூப்பிட்டதே இல்லை. அது உன்னுடைய சொல். வயதில் மூத்த பஸ் கண்டக்டரைக்கூட "ஏங்கண்ணு, செத்த நிறுத்துங்க" என்று கேட்டு முறைப்பு வாங்கியவள் நீ. உன் துணிமணிகளை எல்லாம் யார் யாரோ எடுத்துப் போனார்கள். நான் இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பழனியப்பண்ணன் நேற்று மோட்டார் ரிப்பேருக்காகக் கோயமுத்தூர் வந்தவர், என் ஆபீசைத் தேடிப் பிடித்து வந்து சொன்னார்.

"ஒரு வேளைதானுங்க அடுப்புப் பத்த வெக்கறாங்க. எங்கூட்ல இருந்து குடுத்தனுப்பிச்சா, வேணாமுன்னு அப்படியே திருப்பி அனுப்பிச்சர்றாங்க. எத்தனை நாளைக்குத்தானுங்க கேக்கறது? நாங்களும் உட்டுட்டோமுங்க. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க அம்மணி."

வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் போகலாமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் போய் நான் நின்றால் உன் அம்மா என்னைப் பார்ப்பாரா, என் பக்கத்தில் இல்லாத உன்னைப் பார்ப்பாரா? இதை உன்னிடம்தான் கேட்க முடியும். வேறு யாருக்கு உன் அம்மாவைத் தெரியும்?

நான் இன்னும் ஆர்.எஸ்.புரத்தில் அதே லேடீஸ் ஹாஸ்டலில்தான் இருக்கிறேன். அதே விதைக் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். கொடுமுடியில் அண்ணன் வீடு இருக்கத்தான் செய்கிறது. என் அம்மா போனபிறகு அந்தச் சமையலறை அண்ணியுடையது. அதன் வாசலில் விருந்தாளியாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

மெஸ்ஸில் பரிமாறும் அக்கா "இன்னொரு தோசை வேணுங்களா?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். அவர் அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். நான் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். தனியாகச் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று நீ தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். அதில் எனக்கு உன்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இன்னொரு செய்தி. அந்தியூர் சிவக்குமாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நம் வகுப்பே திரண்டு வந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்து எல்லோரும் மொரீஷியஸ் கதையைப் பேசினார்கள். உன் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். எல்லோரும் குனிந்து இலையைப் பார்த்தார்கள். நீ இல்லாமல் அந்தக் கதையை எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதனால் இன்றைக்கு உனக்கே சொல்கிறேன், கேள்.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். அந்த நாட்டில் கரும்பு எப்படிச் சாகுபடி செய்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லி நம் வகுப்பை அனுப்பினார்கள். பம்பாய் வரை ரயிலில் கட்டுச்சோறு. அதற்கப்புறம் நம் எல்லோருக்குமே முதல் விமானம். ஜன்னல் சீட் எனக்குத்தான் என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டு, மேலே ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையில் நகம் பதியப் பிடித்திருந்தாய். கீழே கடல் நீலத்திலிருந்து பச்சையாக மாறியதை நான்தான் உன்னைத் தாண்டி எட்டி எட்டிப் பார்த்தேன்.

இரண்டிரண்டு பேராக ஒவ்வொரு வீட்டில் தங்க வைத்தார்கள். நம் இருவருக்கும் கோவிந்தன் என்பவர் வீடு. வாசலுக்கு வந்த அந்த வீட்டம்மாவைப் பார்த்ததும் நீ என் இடுப்பில் கிள்ளினாய். "என்ற பெரியத்தையாட்டமே இருக்காங்க புள்ள!" என்றாய். நெற்றியில் குங்குமம், உள்ளே முருகன் படம். ஆனால் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர்கள் முன்னோர் கரும்பு வெட்டப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. தங்களுக்குள் பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழி பேசினார்கள், நம்மிடம் ஆங்கிலம். ரசத்தை மட்டும் 'ராசோன்' என்றார். அதைக் கேட்டதும் சொந்தக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டதாக நமக்கு நினைப்பு.

அன்றைக்கு அவர் முதலில் போட்ட சோறு நம் பசிக்குக் காணவே இல்லை. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார். கேட்டவுடனே தட்டை நீட்டினால் காய்ந்து கிடந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா? வேண்டாம் என்று சொல்லி, இரண்டு கையாலும் தட்டை மூட வேண்டும். அவர்கள் கையை விலக்கிவிட்டுப் போட வேண்டும். "அய்யோ, இவ்வளவா!" என்று அங்கலாய்த்துக்கொண்டே நாம் சாப்பிட வேண்டும். நம் பங்கை நாம் பிசகாமல் செய்தோம். அந்த அம்மா புன்னகையோடு தலையாட்டிவிட்டு, பாத்திரத்தை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டார்.

தட்டின்மேல் விரித்த கையை எடுக்கத் தோன்றாமல் நாம் ஒருவரை ஒருவர் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

மறுநாள் காலை எல்லோரும் பஸ்ஸில் ஏறினோம். சிவக்குமார்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஏனுங்க, உங்க ஊட்லயும் ஒரே தடவைதான் கேட்டாங்களா?" பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அத்தனை பேரும் அத்தனை வீட்டிலும் தட்டை மூடியிருக்கிறோம்! நம்மோடு வந்த புரொபசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கும் அதே கதைதானுங்க" என்றார்.

அன்றைக்குக் கரும்பு வயலில் அங்கங்கே கறுப்புக் கற்களை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். எரிமலைக் கல், உழவுக்கு இடைஞ்சல் என்று பொறுக்கிப் போட்டது என்று அந்த ஊர் அதிகாரி விளக்கினார். யார் காதில் விழுந்தது? நாம் வரிசையாக உட்கார்ந்து கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ரகமாக இனிப்பைச் சோதிக்கிறோம் என்று நினைத்து அவர் ரொம்ப மரியாதையாக இன்னும் நான்கு கழி வெட்டிக் கொடுத்தார்.

முதல் தடவை கேட்கும்போதே வேண்டும் என்று சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவெடுத்தோம். ஒருவராலும் முடியவில்லை. சொல் வாய்வரை வரும். வெளியே விழுவது 'நோ, தேங்க்ஸ்'தான். அப்படியே வளர்த்து விட்டிருக்கிறார்கள், என்ன செய்ய?

அப்புறம்தான் நீ அந்த வேலையைச் செய்தாய். அந்த அம்மா கேட்டார், நான் வழக்கம்போல வேண்டாம் என்றேன். அவர் பாத்திரத்தை நகர்த்துவதற்குள் நீ எழுந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டாய்.

"அட, போட்டுக்க புள்ள!"

"வேணாங்கறேன்ல!"

"பொழுதன்னிக்கும் வெயில்ல சுத்திப்போட்டு, இதென்ன கொறிச்சுட்டு எந்திரிக்கறது? கையை எடு மொதல்ல."

என் கையைத் தட்டிவிட்டுச் சோற்றைக் கவிழ்த்தாய். அப்புறம் நான் கரண்டியை வாங்கி உன்னை உபசரித்தேன். யாரோ வீட்டு மேஜையில் உட்கார்ந்து நாமே நமக்கு விருந்து வைத்துக்கொண்டோம். பஸ்ஸில் நீ இதைச் சொன்னபிறகு எல்லா வீட்டிலும் இதே நாடகம் நடந்தது. ஊர் திரும்பும்போது சிவக்குமார் ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

கடைசி நாள் சாயங்காலம் அந்த அம்மா நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார், உங்களுக்குள் ஏதாவது மனஸ்தாபமா, சாப்பாட்டு வேளையில் தினமும் சண்டை போடுகிறீர்களே என்று. நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நம் பழக்கத்தை விளக்கிச் சொன்னாய். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய மாமனார் கடைசிக் காலத்தில் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பாராம். பெரியவர் சொல்லுக்கு மரியாதை கொடுத்து இவர்களும் விட்டுவிடுவார்களாம். "அவரும் உங்களைப் போலத்தான் சொல்லியிருப்பாரோ?" என்று கேட்டார்.

நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்க, வயதானவர்களுக்கு நிஜமாகவே பசிக்காது" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அதை நம்பிச் சொன்னாயா, அவருடைய ஆறுதலுக்குச் சொன்னாயா சாந்தா? விமானத்தில் கேட்க நினைத்தேன். நீ தூங்கிவிட்டாய். அதற்கப்புறம் கேட்க எவ்வளவோ காலம் இருக்கிறது என்று நினைத்தேன்.

இருக்கவில்லை. மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். கீழாநெல்லி குடித்தால் போய்விடும், அதற்கு ஏன் இத்தனை பேர் லீவு போட்டு வருகிறீர்கள் என்று நீயே எங்களைக் கேலி செய்தாய். இரண்டாம் தடவை நான் வந்தபோது உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, சத்தியமங்கலம் பஸ் ஏறி உங்கள் தோட்டத்துக்குப் போனேன். அம்மா அரிசிம்பருப்புச் சோறு செய்திருந்தார். எனக்குப் பிடிக்கும் என்று நெய்யை முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார். "இன்னுங் கொஞ்சம் போடட்டுமா கண்ணு?" என்றார். "போதுமுங்கம்மா" என்று கையால் தட்டை மூடினேன். அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காலேஜ் நாளெல்லாம் என்னைத் தின்ன வைத்தே தீர்த்த அம்மா அவர். லீவு முடிந்து நாம் கிளம்பும்போது டிபன் கேரியரை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாக முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தவர். அவர் ஒரே தடவை கேட்டார். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. அந்தத் தட்டின் முன்னால்தான் நீ செத்துப்போனது எனக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது, "இருந்துபோட்டுக் காத்தால போலாமில்ல?" என்றார். "இல்லீங்கம்மா, நாளைக்கு வேலைக்குப் போகோணும்" என்றேன். "செரி கண்ணு" என்றார். ஒரு செருப்பை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் வாரை அவிழ்த்து அவிழ்த்து மாட்டிக்கொண்டு நின்றேன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். புளியம்பட்டி வரை பஸ்ஸில் அழுதேன். என்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் நான் போகவே இல்லை.

பழனியப்பண்ணன் போனதிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தங்க நேரமில்லை என்று நான் சொன்னதை அம்மா நம்பினார். சரி என்று அவர் சொன்னதை நான் நம்பினேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதைப் பழனியப்பண்ணன் வீட்டிலும் நம்பிவிட்டார்கள். சொன்னதைச் சொன்னபடியே நம்புகிற நல்லவர்களாக நாமெல்லாம் எப்போது மாறினோம்?

பயமாகத்தான் இருக்கிறது. நிஜமாகவே உன் அம்மாவுக்கு நான் வேண்டாதவளாக இருந்தால் என்ன செய்வேன்? உன்னையும் கேட்க முடியாது. எனக்கென்று கதவைத் திறக்க இன்னொரு வீடும் கிடையாது.

இருந்தாலும் போகிறேன். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாற்றுத் துணியெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. "எதுக்குக் கண்ணு வந்தே, எனக்கு ஒண்ணும் வேணாம், நீ கெளம்பு" என்பார். சொல்லட்டும். தட்டை மூடுவார். மூடட்டும். அவர் கையை விலக்கிவிட்டுப் போடுவேன். முதல் தடவை வேண்டாம் என்பதையும் இரண்டாம் தடவை சொல்வதையும் காதில் வாங்கப்போவதில்லை. இது உனக்கு நான் தரும் வாக்கு.

மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றால், அங்கேயே உட்கார்ந்து நான் அழுவேன் சாந்தா. அழுகிற பிள்ளையைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க உன் அம்மாவால் முடியாது.

உன் அம்மாவில் பங்கு கேட்டுப் போகிற
உன் தங்கச்சி,
கோகிலா