ஆமினாவின் மகளுக்குக் கேட்காத குளிசை

12 ஆகஸ்ட் 1955, வெள்ளி

கிருமியைக் கொல்லும் சல்பாக் குளிசை கொடுத்தால், இரத்தமாய்ப் போகும் வயிற்றுளைவு நிற்கும். ஆமினாவின் மகளுக்கு நிற்கவில்லை. தாய் கொடுக்காமல் ஒளிக்கிறாள் என்று நினைத்து, திங்களன்று என் டிஸ்பென்சரியில் அவளிடம் கேட்டே விட்டேன்.

“குடுத்துத்தான் வாறன் ஐயா. நம்பாட்டி உங்கட கையாலயே குடுங்க.”

அன்று முதல் நானே கொடுக்கிறேன். இன்றும் இரத்தம் போகிறது.

பிள்ளை இதற்குமுன் சல்பாவைத் தொட்டதேயில்லை. தகப்பன்தான் கால் புண்ணுக்கு மாதக்கணக்கில் விழுங்கினான். அவன் வயிற்றுக் கிருமிகள் மருந்துக்குப் பழகியிருக்கும். குடும்பமே ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில், கைபோட்டுச் சாப்பிடுகிறது; அவை பிள்ளைக்கும் போயிருக்கும். ஆனால் அவனுக்கு வயிற்றுளைவு இல்லையே. அவனுடையவை வேறு கிருமிகள். தாங்கள் மருந்துக்குப் பழகியதை, பிள்ளையின் வயிற்றுளைவுக் கிருமிகளுக்கும் பங்கு கொடுத்தனவா? கிருமிகளுக்குள்ளும் ஒரு சஹன் இருக்கிறதோ?

அவளைச் சந்தேகித்தது பிழை என்று ஆமினாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், என்னிடம் வேறு மருந்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.