அவர் வராத தூக்கம்

மார்ச் 4
இன்றும் வரவில்லை. சோளக்கஞ்சியை வைக்கும்போதே அத்தை கேட்டுவிட்டார், "கனவுல வந்தானா?" என்று. இல்லை என்று தலையாட்டினேன். சுரங்கத்தில் செத்த என் புருஷன் தெம்பெகிலேயின் ஆவியை எங்கள் வழக்கப்படி முள்மரக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்து மாதங்கள் ஆகின்றன. வந்து சேர்ந்தவர் கனவில் முகம் காட்ட வேண்டும். தெம்பெகிலே யாருக்கும் காட்டவில்லை.

மார்ச் 9
கொழுந்தன் வுயிசிலே குடித்துவிட்டு வந்து உளறிவிட்டான். பஸ்ஸில் கிளைக்குத் தனி டிக்கெட் எடுத்து, பக்கத்து இருக்கையில் வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறான். கிளையைச் சுமப்பவன் செத்தவரைத் தவிர யாரோடும் பேசக் கூடாது. இவன் போனை எடுத்திருக்கிறான். "ஒரே ஒரு ஹலோதான் அண்ணி."
அந்த ஒரு ஹலோவுக்கா இறங்கிப் போய்விட்டார்? எந்த ஊரில்? பாவி. அத்தையிடம் நான் சொல்லப் போவதில்லை. அவர் தாங்கமாட்டார்.

மார்ச் 10
தூக்கத்துக்கு மட்டும் குறைவில்லை. கட்டை மாதிரி கிடக்கிறேன்.

மார்ச் 15
கனவே வருவதில்லையே என்று கிளினிக்கில் நர்ஸ் பூலெல்வாவிடம் கேட்டேன். தூக்கத்தில் ஒரு கட்டம் உண்டாம். மூடிய இமைக்குள் கண் அங்கும் இங்கும் ஓடுமாம். கனவு பெரும்பாலும் அப்போதுதானாம். மனசு துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிப்பதும் அப்போதுதானாம். மனச்சோர்வுக்கு நான் விழுங்கும் மாத்திரை அந்தக் கட்டத்தைக் குறைத்துவிடுமாம். நீயாக நிறுத்திவிடாதே என்றும் சொன்னாள்.
அப்படியானால் அவர் வந்துவிட்டாரா? நான்தான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேனா? வழியெல்லாம் அழுதேன், சந்தோஷத்தில்.

மார்ச் 16
மாத்திரை எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 27
கனவாகக் கொட்டுகிறது. செத்த நாய், கணக்கு டீச்சர், யாருடைய கல்யாணமோ. முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து குடை கேட்கிறான். ஊரே வருகிறது — இவருக்கு என்ன கேடு?

ஏப்ரல் 6
எழுந்திருக்க முடியவில்லை. பசுவை அத்தையே கறந்துவிட்டு வந்து, என் கட்டிலில் உட்கார்ந்தார். "வழியிலயே நின்னுட்டானோ, நோசாகே?"
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவர் வரமாட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 8
கிளினிக். பூலெல்வா திட்டினாள். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாயிற்று.

ஏப்ரல் 20
அத்தை வழக்கம்போல் கேட்டார்.
"நான் மாத்திரை சாப்பிடுறேன்ல அத்தை, அது கனவையே விடாதாம். நிறுத்தினதும் வந்துடுவார்."
அவர் முகம் தெளிந்துவிட்டது. எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்டார். நாளாகும் என்றேன். பரவாயில்லை, அவன் காத்திருப்பான் என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை முழுக்கக் குடித்தார்.