உறைக்கு ஒரு கைப்பிடி

என்னங்க, உங்களைத்தான்,

கீழே நின்று இப்படிக் கூப்பிட்டால் மாடியிலிருந்து "தோ வரேன்" என்று குரல் வரும். ஆள் வரமாட்டீர்கள், குரல் மட்டும் வரும். இப்போது அதுவும் இல்லாததால் எழுதிக் கூப்பிடுகிறேன்.

இன்று காலை குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வந்த அஞ்சலை வாசலில் நின்றுவிட்டாள். "ஏம்மா, ஐயா இருந்தவரைக்கும் உங்க வூட்ல இருந்து ஒரு பை வர்றதே அதிசயம். இப்ப தெனம் ரொம்பி வழியுது. மாடியில போடறதில்லயா?" வெயிலாக இருக்கிறது, உள்ளே வந்து மோர் குடி என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலா?

நீங்கள் மாடியில் விட்டுப்போனது, குப்பையை உரமாக்கும் இரண்டு மக்குப் பானை. அடியில் மட்டும் கொஞ்சம் இருந்த பானையில் உங்களைப் போலவே தினமும் காய்கறித் தோலைப் போட்டேன். ஒருநாள் மிஞ்சின சாம்பாரையும் ஊற்றினேன். ஊற்றக் கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கிளறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கீழேயே நின்றவள் நான். புழு வைத்து, பக்கத்து வீடு வரை நாறிப்போயிற்று. பெற்ற மகளாயிற்றே, செல்வி முகம் சுளிக்காமல் அதைக் கீழே இறக்கினாள். படியில் கைநழுவி உடைந்துவிட்டது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். நீங்கள் கடைசியாக நிரப்பி, மேலே சருகைப் பரப்பி மூடிவைத்த பானை. அது மக்கி எவ்வளவோ நாளாகிவிட்டது. கொட்டினால் செடிக்கு உரம், காலிப் பானையில் மறுபடியும் ஆரம்பிக்கலாம். அவ்வளவுதான் வேலை. அதுதான் என்னால் முடியவில்லை.

அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டிலிருந்து பீர்க்கங்காய் வாங்கி வந்தீர்கள். தோலைத் துவையலுக்குக் கேட்டேன். "பாதி உனக்கு, பாதி பானைக்கு" என்று பங்கு பிரித்து, உங்கள் பாதியைப் போட்டு மூடினீர்கள். "கட்டின பொண்டாட்டியவிட இந்த மனுசனுக்குப் பானை மேலதான் ஆசை" என்று திட்டினேன். மறுநாள் மார்வலி. அஸ்தியைக் கடலில் கரைத்தபோதுகூடக் கரையில் நின்று பார்த்துத் தாங்கிக்கொண்டேன். இந்தப் பானையைக் கவிழ்க்க மட்டும் கை வரமாட்டேன் என்கிறது.

"அதை அப்படியே வுட்டுடும்மா. நான் பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கித் தரேன், ஆன்லைன்ல வருது" என்கிறாள் செல்வி. பிளாஸ்டிக் என்றதும் எனக்கு உங்கள் முகம்தான் கண்முன் வந்தது. ரிட்டயர் ஆகும்வரை தட்டாஞ்சாவடி கம்பெனியில் பிளாஸ்டிக் வாளி செய்தவர் நீங்கள். ஒருநாள் வாய்க்காலில் உடைந்து கிடந்த வாளியைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். "நம்ம கம்பெனி வாளிதான் வசந்தா. நான் செஞ்சதெல்லாம் எங்கயோ கெடக்குது. நான் போனப்புறமும் கெடக்கும்." அடுத்த வாரமே இந்தப் பானைகள் வந்து இறங்கின. "ரெண்டு பானையில எல்லாம் சரியாப் போயிடுமா?" என்று கேட்டேன். "போகாது" என்றீர்கள். பிறகு எதற்கு இந்தப் பாடு? அதைக் கேட்பதற்குள் நீங்கள் சருகு பொறுக்கப் போய்விட்டீர்கள்.

அஞ்சலை போனதும் மாடிக்கு ஏறினேன். மூடியை எடுத்துவிட்டு உள்ளே கையை விட்டேன். அந்தப் பீர்க்கந்தோலைத் தேடினேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே தேடினேன். ஒரு நாரைக்கூடக் காணோம். கறுப்பாக, பொலபொலவென்று மண்தான் இருந்தது. நீங்கள் தொட்டது ஒன்றாவது மிஞ்சியிருக்கக் கூடாதா? பக்கத்தில் உங்கள் கம்பெனி சிவப்பு வாளி வாங்கிய அன்று போலவே நிற்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் பானையை ஒருநாளும் முழுதாகக் கொட்டியதில்லை. அடியில் ஒரு கைப்பிடி விட்டுவைப்பீர்கள். "மிச்சத்தையும் கொட்டித் தொலைக்க வேண்டியதுதானே" என்று நான் கீழேயிருந்து கத்துவேன். "நீ தயிருக்கு உறை ஊத்தறல்ல, அதே கதைதான் இதுவும்" என்பீர்கள். அப்போது அது காதில் ஏறவில்லை.

நாளைக்குக் கொட்டிவிடுகிறேன், சத்தியமாக. கவிழ்க்கமாட்டேன், கையாலேயே அள்ளுவேன். அடியில் ஒரு கைப்பிடி விட்டுவைப்பேன். அதன்மேல் புதுத் தோலைப் போடுவேன். அது மக்கினதும் அதிலிருந்து ஒரு கைப்பிடி, அதற்கடுத்தும் ஒரு கைப்பிடி. நான் இருக்கும்வரை உங்களை முழுதாகக் கொட்டமாட்டேன். இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

நாளைக்குப் பீர்க்கங்காய்தான் வாங்கப்போகிறேன். பாதித் தோல் உங்களுக்கு.

மீதிப் பாதியைத் துவையல் அரைக்கப்போகும்
உங்கள் மனைவி
வசந்தா